வலது குதிகால் தேஞ்ச செருப்பு

செருப்பு வாசல்ல கெடக்குது, ஆளு வூட்ல இல்லைங்கறா. சரி, இருக்கட்டும். "லாரி ஓனர் நாச்சிமுத்து வந்திருக்கறேன்னு சொல்லு அம்மிணி"ன்னேன். "அவரு வேலைக்குப் போயிட்டாருங்ண்ணா"ன்னு சொல்லீட்டு நீலக் கலர் பிளாஸ்டிக் சேர் ஒண்ணை எடுத்துப் போட்டா செங்கோடன் சம்சாரம் வளர்மதி. சேருக்கு ஒரு கால் சப்பை. ஆடாம உக்காரணும்னா இடது பக்கமா சாயணும், சாஞ்சுக்கிட்டேன். மடியில பழப் பை. ஆறு ஆப்பிள், ஆறு சாத்துக்குடி, ஒரு சீப்பு பூவம்பழம், வெத்தலை பாக்கு. பொண்ணு கேக்கப் போறவன்கூட இவ்வளவு வாங்க மாட்டான். இப்ப எங்க பக்கத்துல இதுதான் வழக்கமாப் போச்சு, டிரைவர் வேணும்னா ஓனர் பழத்தைத் தூக்கிட்டு அவன் வூட்டுக்குப் போகணும். நான் டிரைவரா இருந்த காலத்துல ஆபீஸ் வாசல்ல லைசென்ஸைக் கையில புடிச்சுக்கிட்டு வரிசையா நிப்போம். ஓனர் வெளிய வந்தா எங்க மூஞ்சியப் பாக்க மாட்டாரு, கையைப் பாப்பாரு. இப்ப நான் செருப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மணி பத்தே முக்கால். பன்னெண்டுக்குப் புரோக்கர் வையாபுரி போன் பண்ணுவான், கடைசி வண்டியைக் குடுக்கறனா இல்லையான்னு அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். அஞ்சு வண்டி வச்சிருந்தேன், நாலு போயிருச்சு. லோடு இல்லாமப் போகலை, லோடு கொட்டிக் கெடக்குது, ஓட்ட ஆளில்லாமப் போச்சு. மிச்சம் இருக்கறது பத்து சக்கர வண்டி ஒண்ணு, செங்கோடன் ஓட்டுனது. ரெண்டு மாசமா ஷெட்டுல நிக்குது, பின் சக்கரத்துக்கு அடியில புல்லு மொளைச்சிருச்சு. அவன் வர்றேன்னு சொன்னா வண்டி இருக்கும். இல்லைன்னா இன்னிக்கு சாயங்காலம் வேற யாரோ ஓட்டிட்டுப் போயிருவான், நாச்சிமுத்து டிரான்ஸ்போர்ட்டுங்கற போர்டு மட்டும் மிஞ்சும். இருபத்திரெண்டு வருசம் ஸ்டியரிங் புடிச்சுச் சம்பாரிச்ச பேரு அது.

வேலைக்குப் போனானாமா, வெறுங்கால்லயா போனான். பழுப்பு ரப்பர் செருப்பு, வாரு ஒரு பக்கம் கம்பி போட்டுத் தைச்சிருக்குது. வலது செருப்புல குதிகால் எடத்துல மட்டும் பள்ளம். இடதுல ஒண்ணுமில்லை. நடந்து தேஞ்சா ரெண்டும் ஒண்ணாத் தேயும். இது ஆக்சிலேட்டர் மிதிச்சவன் செருப்பு, குதிகாலை ஊனிக்கிட்டு முன்பாதத்தை அமுத்தி அமுத்தி ஆயிரக்கணக்கான மைலு போன செருப்பு. பாம்போட காலு பாம்புக்குத்தான் தெரியும். வேற எவன் வந்து பாத்தாலும் பழைய செருப்புன்னு போயிருவான், எங்கிட்ட ஆகுமா. வூட்டுக்குப் பக்கவாட்டுல குளிக்கற ரூம்பு, ஆஸ்பெட்டாஸ் கூரை, தகரக் கதவு. கதவு சாத்தியிருக்குது. கதவு மேல ஒரு கட்டம் போட்ட சட்டை தொங்குது. உள்ள தண்ணி சத்தம், சொர்ருன்னு மெல்லிசா, ஒரே சீரா. சொம்புல மோந்து ஊத்துற சத்தம் இல்லை. குழாயைத் தொறந்து உட்டுட்டு, மூச்சு உடற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு செவுத்துல சாஞ்சு நிக்கறான். எனக்கு எப்படித் தெரியும்னா, நானும் அதேதான் பண்ணுனேன். முப்பத்தியொரு வருசம் ஆச்சு. ஆஸ்பெட்டாஸுக்கு அடியில இந்நேரம் கொதிக்கும், பாவம். கொதிக்கட்டும். எவ்வளவு நேரந்தான் நிப்பான்னு பாக்கறேன். நான் ஒண்ணே கால் மணி நேரம் நின்னேன்.

அப்ப எனக்கு முப்பது வயசு. முப்பத்தியொரு நாளு லைனுக்கு, வெளியூர் லோடுக்குப் போயிட்டு முந்தின நாளு பொழுதோடதான் வூடு வந்திருக்கேன். புள்ளைக்கு எட்டு மாசம், என்னைப் பாத்து அழுவுது, யாரோன்னு. விடிஞ்சு எட்டு மணிக்கு ஓனர் அங்கமுத்து வந்துட்டாரு, கவுகாத்தி லோடு ரெடியா நிக்குது, ஆளு வேணும்னு. அவரு புல்லட் சத்தம் ரோட்டுல கேக்கறப்பவே நான் எந்திரிச்சேன். பதறலை, யோசனையாத்தான் பண்ணுனேன். கழட்டிப் போட்ட செருப்பைக்கூட கையில எடுத்துக்கிட்டுத்தான் குளிக்கற ரூம்புக்குள்ள போனேன். என்ற சம்சாரம் பாவாயிகிட்ட, லைனுக்குப் போனவரு இன்னும் வரலைன்னு சொல்லுன்னேன். அவளும் சொன்னா. ஒரு தடவை இல்லை, மூணு தடவை. நான் கேட்டுக்கிட்டேதான் நின்னேன், செவுத்துல ஒரு பல்லி, அது என்னைப் பாக்குது, நான் அதைப் பாக்கறேன். நாலாவது தடவை அங்கமுத்து கேட்டாரு, இன்னும் காதுக்குள்ள இருக்குது, "ஏம்மிணி, செருப்பு இங்க கெடக்குது, காலு எங்க போச்சு?" பாவாயி பேசலை. ரொம்ப நேரம் பேசலை. அப்பறம் சொன்னா, "குளிச்சிட்டிருக்கறாருங்க." அவ்வளவுதான். நான் தலையில தண்ணியை ஊத்திக்கிட்டு நனைஞ்ச துண்டோட வெளிய வந்தேன், கவுகாத்தி போனேன். ஆனா எஞ் செருப்பு எங்கையில இருந்துச்சு. அப்ப வாசல்ல கெடந்தது எது? வெளிய வந்தப்ப பாத்தேன், வாரு அந்துபோச்சுன்னு நான் எப்பவோ உட்டுட்ட பழைய ஜோடி, படிக்கட்டுக்குக் கீழ ஜோடியா கெடக்குது. அது தானா நடந்து வராது. எடுத்துப் போட்டவ ஒருத்திதான் இருக்கா. புருசன் வூட்ல இருக்கறான்னு வாயால சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு செருப்பால சொல்லியிருக்கா. ஏன் சொன்னா? நான் இருக்கறது பாரமா இருந்துச்சா? போய்த் தொலையட்டும்னு நெனைச்சாளா? கவுகாத்தி வரைக்கும் அதையேதான் நெனைச்சுக்கிட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப கேக்கலாம்னு இருந்தேன், கேக்கலை. அடுத்த வருசம் கேக்கலாம்னு இருந்தேன். பதில் எதாயிருக்கும்ங்கற பயந்தான், வேற என்ன. மூவாயிரம் மைலு தனியா ஓட்டுறவனுக்கு இந்த ஒண்ணு பயம்.

வளர்மதி தண்ணி சொம்பைக் கொண்டாந்து வச்சா. "மோரு கரைக்கட்டுங்களாண்ணா?" வேண்டாம்னேன். நடையில உக்காந்து மொறத்துல சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரிக்க ஆரம்பிச்சா. மூஞ்சியில ஒரு பதட்டமும் இல்லை. பாவாயிக்கு அன்னிக்குக் குரல் நடுங்குச்சு, இவ கெட்டிக்காரி. "எப்ப வருவான் அம்மிணி?" "அஞ்சு மணிக்கு வந்துருவாருங்க." அஞ்சு மணி வரைக்கும் உள்ள நிப்பானாமா. செங்கோடனுக்குப் போன் போட்டேன், ஸ்விட்ச் ஆப்னு வருது. இதையும் யோசிச்சு வச்சிருக்கான், கெட்டிக்காரன்தான். எங் காலத்துல போனில்லை, அது ஒரு புண்ணியம். ரோட்டுல ஏறிட்டா நானாச்சு ரோடாச்சு. இப்ப வண்டி எங்க நிக்குது, எத்தனை நிமிசம் நிக்குது, எல்லாம் எங் கையில இருக்கற போன்லயே தெரியும். லோடு குடுக்கற கம்பெனிக்காரன் கேமராவும் வச்சாத்தான் லோடுன்னான், டிரைவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கற கேமரா, கண்ணு ஒரு செகண்டு மூடினா கூவும். செங்கோடன் ரெண்டு தடவை துண்டைப் போட்டு மூடுனான், கம்பெனிக்காரன் எனக்குப் போன் பண்ணுனான், நான் செங்கோடனுக்குப் போன் பண்ணுனேன். "அண்ணா, மூஞ்சியில கொசு உக்காந்தா அடிக்கக்கூட கூச்சமா இருக்குது"ன்னான். சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாதோ என்னமோ. கேமராதான் காரணமா இருக்கும். இல்லை, பேக்டரி கேட்டுல ரெண்டு நாளு நிக்க வைக்கறாங்களே அதா இருக்கும், உள்ள கக்கூசுக்குப் போகணும்னாக்கூட டிரைவர் உள்ள போகக் கூடாதும்பான் செக்யூரிட்டி. அதுவும் இல்லைன்னா பொண்ணு. செங்கோடன் தம்பியும் டிரைவர்தான், முப்பத்தஞ்சு வயசாச்சு, பொண்ணு கெடைக்கலை. எவனுங் குடுக்க மாட்டேங்கறான். அவனுகளைச் சொல்லி என்ன, என்ற மகளைக் கேட்டு ஒரு டிரைவர் பையன் வூட்டுல இருந்து வந்தாங்க, நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. நானே குடுக்கலை. பேங்குல வேலை செய்யறவனுக்குக் குடுத்தேன். டிரைவர் ஓட்டோணும், ஆனா வேற எவன் மகளையாவது கட்டிக்கோணும்.

அதெல்லாம் ஊருக்கெல்லாம் இருக்கற காரணம். செங்கோடனுக்குன்னு ஒண்ணு இருக்குது, அந்த நாப்பது நிமிசம். நாக்பூர் தாண்டி, பகல் பதினொரு மணி, பக்கத்துல கடை கெடையாது, பங்க் கெடையாது, ஒண்ணுங் கெடையாது. வண்டி நின்னுருச்சு. போன்ல அம்புக்குறி அசையாம நிக்குது. பத்து நிமிசம் பாத்தேன். போன் போட்டேன், எடுக்கலை. மறுக்காப் போட்டேன். நாலு தடவை. அஞ்சாவது தடவை எடுத்தான். "வண்டி ஏன்டா நிக்குது?"ன்னேன். இவ்வளவு நாளு அவனை நான் டா போட்டதில்லை. அந்தப் பக்கம் காத்து சத்தம் மட்டும் கேட்டுச்சு, அப்பறம், "சும்மாதாண்ணா நின்னேன், கெளம்பிட்டேன்"னான். கெளம்பிட்டான். லோடு எறக்கி, ரிட்டன் லோடு புடிச்சு, ஒரு கீறல் இல்லாமக் கொண்டாந்து சேத்தான். ஷெட்டுல உட்டுட்டு வண்டியைக் கழுவுனான், அவனே, பைப் போட்டு, சக்கரம் சக்கரமா. சாவியை எம் மேசை மேல வச்சுட்டு, "வர்றேங்ண்ணா"ன்னான். வர்றேன்னுதானே சொன்னான், போறேன்னு யாரு சொல்றா. நானும் நாளைக்கு வருவான்னுதான் இருந்தேன். டா-வா? ஒரு டா-வுக்கா ஒருத்தன் பதினோரு வருசத்தை உட்டுட்டுப் போவான்? இல்லை, அந்த நாப்பது நிமிசத்துல என்னமோ நடந்திருக்குது. யாரையாவது இடிச்சிருப்பானோ? வண்டி முன்னாடி பம்பரை நானே குனிஞ்சு பாத்தேன், ஒண்ணுமில்லை. இதை நெனைக்காத நாளில்லை. வண்டி ஏன்டா நிக்குது. வண்டி ஏன் நிக்குது.

வெயிலு சேர் வரைக்கும் வந்துருச்சு. சேரை நகத்துனா கால் சப்பை வேற பக்கம் போயிருது, இப்ப வலது பக்கம் சாயணும். தண்ணி சத்தம் நிக்கலை. எனக்குள்ள ஒரு கோவம் வந்துச்சு, அப்பறம் அது போயி ஒரு சலிப்பு வந்துச்சு. காத்தால பாவாயி தோசை ஊத்திக்கிட்டிருந்தா. "இவனும் வரலைன்னா நானே ஏறிருவேன்"னேன். கரண்டி அப்படியே நின்னுச்சு, மாவு ஒரு பக்கமா ஓடிருச்சு. வளைஞ்சுபோன தோசையையே எடுத்து வச்சா. போன வருசம் அப்படித்தான் ஏறுனேன், அறுபது வயசுல, விஜயவாடாவுக்கு. ஆளே கெடைக்கலை, என்ன பண்றது. போறப்ப ஒண்ணுமில்லை. திரும்பறப்ப நெல்லூர் தாண்டி, நல்ல பகல், ரோடு வெள்ளையா எரியுது, எதிர்க்க ஒண்ணும் வரலை. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பறம் ஆரன் சத்தம். கண்ணைத் தொறந்தா வண்டி நடு மேட்டை உரசிக்கிட்டுப் போகுது, பக்கத்துல ஒரு பஸ்சு, சன்னல்ல ஒரு பொம்பளை கொழந்தையை நெஞ்சோட அணைச்சுப் புடிச்சுக்கிட்டு என்னைப் பாக்கறா. திட்டக்கூட இல்லை, பாக்கறா. எத்தனை செகண்டு தூங்குனேன்னு எனக்குத் தெரியாது. ஓரங்கட்டி நிறுத்துனேன். இதை யாருகிட்டயும் சொல்லலை. பாவாயிகிட்டயும் சொல்லலை. ஆனா வூட்டுக்கு வந்தப்ப அவ என்னை மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாத்தா, அப்பறம் எதையோ எடுத்துக் கதவுக்குப் பின்னால தள்ளுனா. அவளுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. கதவுக்குப் பின்னால என்ற பழைய டயர் செருப்பு ஒரு ஜோடி வருசக்கணக்கா இருக்குது. வீசிரு புள்ளைன்னா, "கெடக்கட்டும், சோறா கேக்குது"ம்பா. கஞ்சப்பிசுனாரி.

பதினொன்னே முக்கால் ஆயிருச்சு. இனி வெக்கப்பட்டு என்ன ஆகப் போகுது. சேர்ல உக்காந்தபடியே தகரக் கதவைப் பாத்துச் சொன்னேன், சத்தமாவே சொன்னேன். "செங்கோடா, நீ வெளிய வர வேண்டாம், நின்ன எடத்துலயே கேளு." வளர்மதி வெங்காயத்தை உட்டுட்டு நிமிந்தா. "கேமராவைக் கழட்டிடறேன். லோடு போனாப் போகட்டும், கேமரா கேக்காதவன்கிட்ட லோடு புடிக்கறேன். வண்டி நின்னாப் போன் பண்ண மாட்டேன், அந்தக் கருமத்தைப் பாக்கவே மாட்டேன். மாசத்துல பத்து நாளு நீ வூட்டுலயே இரு, வண்டி நிக்கட்டும். உன்னை டா போட்டேன், தப்புத்தான், நானும் டிரைவரா இருந்தவன், நான் பேசியிருக்கக் கூடாது." தண்ணி சத்தம் அப்படியே இருந்துச்சு. கதவு அசையலை. இவ்வளவு சொன்னவன் மிச்சத்தையும் சொல்லிட்டேன். "நீ வரலைன்னா நான்தான் ஏறணும். போன வருசம் நெல்லூர்கிட்ட தூங்கிட்டேன். ஒரு பஸ்ஸு, பஸ்ஸு நெறையா ஜனம். எனக்கு பயமா இருக்குது செங்கோடா. வண்டியை விக்கவும் மனசு வரலை, ஏறவும் பயமா இருக்குது. ஆத்துல ஒரு காலும் சேத்துல ஒரு காலுமா நிக்கறேன்." சொல்லி முடிச்சப்ப உடம்பு லேசா ஆயிருச்சு. அப்பத்தான் தண்ணி சத்தம் மாறுச்சு. சொர்ருன்னு இருந்தது தளும்பி, கொட்டி, கதவுக்கு அடியில தண்ணி ஓடி வருது. "ஐயோ, பேச்சுல கவனிக்கலையே"ன்னு வளர்மதி மொறத்தைத் தள்ளிட்டு ஓடுனா. தகரக் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. இவ்வளவு நேரம் கதவையேதான் பாத்தேன், தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னு பாக்கலை. தாழ்ப்பாளைத் தள்ளுனா. உள்ள ஒரு நீல டிரம்மு, குழாய், ஒரு சோப்பு டப்பா. வேற ஒண்ணுமில்லை.

"பஞ்சாயத்துத் தண்ணி பத்தரைக்குத்தான் உடுவாங்கங்ண்ணா, ஆடு வந்து வாய வச்சுருதுன்னு சாத்தி வச்சிருந்தேன்." குழாயை அடைச்சுட்டு முந்தானையில கையைத் தொடைச்சுக்கிட்டா. என்னைப் பாக்காமச் சொன்னா, "அவரு பேரைச் சொல்லி நீங்களாப் பேசிக்கறீங்கன்னு நெனைச்சேன். பெரியவங்க, கேக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்." எனக்கு மூஞ்சியை எங்க வைக்கறதுன்னு தெரியலை. பழப் பையைப் பாத்துக்கிட்டேன். "நெசமாவே வேலைக்குத்தான் போயிருக்கானா?" "நெசமாத்தானுங்க. கோழிக்குஞ்சு பொரிக்கற கம்பெனிங்க. காத்தால ஆறு மணிக்குப் போயி குளிச்சுட்டு, அவங்க குடுக்கற உடுப்பை மாட்டிக்கிட்டுத்தான் உள்ள போகணுமாமா. முட்டை அட்டையை மிசினுக்குள்ள எடுத்து எடுத்து வைக்கறது. சம்பளம் உங்ககிட்ட வாங்குனதுல பாதிதானுங்க. போனை கேட்டுலயே வாங்கி வச்சுக்குவாங்களாமா, அதுதான் அவருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க." சிரிச்சா. பொய் சொல்றவ சிரிப்பு இல்லை அது. நான் கேட்டேன், ரெண்டு மாசமா தொண்டையில நின்னது. "நாக்பூர்கிட்ட நாப்பது நிமிசம் வண்டியை நிறுத்தியிருந்தான் அம்மிணி. என்ன நடந்துச்சுன்னு சொன்னானா?" "சொன்னாருங்க. ஒண்ணும் நடக்கலையாமா. ஒண்ணுக்குப் போக எறங்குனாராமா. போயிட்டு வந்து வண்டியில ஏறலாம்னு படியில காலை வச்சா காலு ஏறலையாமா. வலி கிலி ஒண்ணுமில்லை, ஏறணும்னு தோணலையாமா. கீழயே நின்னுட்டாராமா. நீங்க போன் பண்ணுனீங்கன்னு ஏறுனாராமா." தள்ளி உட்ட மொறத்தை எடுத்துக்கிட்டே சொன்னா, "உங்க மேல ஒரு கொறையும் சொல்லலைங்ண்ணா. நல்ல ஓனருன்னுதான் சொல்வாரு." அதைக் கேக்கறதுக்குத் திட்டியிருந்தாக்கூட தேவலை.

எந்திரிச்சேன். போயிருக்கலாம். ஆனா செருப்பு கண்ணை உட்டுப் போக மாட்டேங்குது. "அப்ப இந்தச் செருப்பு?" கேட்டேன், அங்கமுத்து கேட்ட மாதிரியேதான் கேட்டேன்னு கேட்டப்பறந்தான் தெரிஞ்சுது. வளர்மதி வாசலைப் பாத்தா. "அது போன வருசமே உட்டுட்டதுங்ண்ணா. கம்பெனிக்கு ஷூ போட்டுக்கிட்டுப் போறாரு. அவரு லைனுக்குப் போயிட்டாருன்னா நான் இதை எடுத்து வாசல்ல போட்டுருவேன், அந்தக் கதவு மேல ஒரு சட்டை. ஆம்பளை வூட்ல இருக்கறாருன்னு போறவன் வர்றவன் நெனைச்சுக்குவான்ல. இந்தத் தெருவுல பூரா டிரைவர் வூடுதானுங்க, எல்லாருமே போடறதுதான். அவங்க வந்தா எடுத்து உள்ள வச்சுருவோம், அவங்களுக்கே தெரியாது. தெரிஞ்சா ரோட்டுல போறப்ப அதையே நெனைச்சுக்கிட்டுப் போவாங்கல்ல. இப்ப தேவையில்லைதான், கை பழகிப்போச்சு, காத்தால அவரு போனதும் எடுத்துப் போட்டுட்டேன்." "இத்தனை நாளா இதை யாருகிட்டயும் சொன்னதில்லையா?" "இதெப்படிங்ண்ணா சொல்றது? வெளி ஆம்பளைகிட்டப் போயி, செருப்பு சும்மா கெடக்குது, உள்ள ஆளு இல்லை, நான் ஒண்டியாத்தான் இருக்கறேன்னா சொல்ல முடியும்? உசுரு போனாலும் சொல்ல மாட்டமுங்க. இப்ப அவரு தெனம் அஞ்சு மணிக்கு வூட்டுக்கு வர்றாரு, அதனால சொல்றேன்." நான் நின்னுக்கிட்டே இருந்தேன். அங்கமுத்து வர்றதுக்கு முந்தின நாளு பொழுதோடதான் நான் வந்தேன். பாவாயி எடுத்து உள்ள வைக்க மறந்திருக்கா, அவ்வளவுதான். முப்பத்தியொரு நாளா ராவும் பகலும் அங்க கெடந்த செருப்பு. அங்கமுத்து அதைக் காட்டிக் கேக்கறாரு. அது எப்பவும் கெடக்கறதுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் தப்பிச்சிருப்பேன், ஆனா அவ ஒண்டியா இருக்கறது ஊருக்குத் தெரிஞ்சு போயிரும், அடுத்த தடவை நான் போறப்ப அந்தச் செருப்பு வெறுஞ் செருப்பாயிரும். அதுக்குத்தான் அவ்வளவு நேரம் பேசாம நின்னிருக்கா. அவளுக்கு இருபத்திமூணு வயசு அப்ப. நான் கவுகாத்தி வரைக்கும் அவளைத் திட்டிக்கிட்டே போயிருக்கேன், அதுக்கப்பறமும் முப்பத்தியொரு வருசம்.

போன் அடிச்சுது. வையாபுரி. "ஏனுங், என்ன முடிவு? பார்ட்டி கூடவே இருக்கறாங்க." "எடுத்துக்கச் சொல்லு"ன்னேன். "யோசிச்சுத்தானே சொல்றீங்க?" "ஒருத்தன்கிட்ட பேசிட்டுத்தான் சொல்றேன். சாவி ஷெட்டுல ஆணியில தொங்குது." பழப் பையைச் சேர் மேல வச்சேன். வளர்மதி வேண்டாம்னா, அவரு வந்தா என்னைத்தான் திட்டுவாருன்னா. புள்ளைக்குக் குடுன்னேன். மொபெட்டை எடுத்துக்கிட்டு வந்தேன், வழியில ரெண்டு லாரி எதிர்ல வந்துச்சு, டிரைவர் மூஞ்சி யாரும் தெரிஞ்ச மூஞ்சி இல்லை, வடக்கத்திப் பசங்க. வூட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுனேன், இன்னிக்குப் போட்டுட்டுப் போன செருப்பு மட்டுந்தான் அங்க இருக்குது. பாவாயி தட்டை வச்சா. "போன காரியம் என்னாச்சுங்க?" "வண்டியைக் குடுத்துட்டேன்." "கடைசி வண்டியையுமா?" "ஆமா. இனி ஏறறதுக்கு ஒண்ணுமில்லை." சோத்தைப் போட்டா, கொழம்பை ஊத்துனா. அங்கமுத்து வந்த அன்னிக்கு நடந்ததைக் கேக்கணும்னு வாயெடுத்தேன், இனி கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை, சாப்பிட்டேன். அவ எந்திரிச்சுக் கதவுகிட்டப் போனா. பின்னால குனிஞ்சு எதையோ எடுத்தா. பாக்காமயே தெரியும், டயர் செருப்பு கனமான செருப்பு. வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, குப்பைமேடு வரைக்கும் நடந்து போறா. தொப்பு தொப்புன்னு ரெண்டு சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து கையைக் கழுவிக்கிட்டா. "ரசம் ஊத்தட்டுங்களா?"ன்னா. "ஊத்து"ன்னேன்.